பாலாறு, டேனரி, பத்திரிகைகள்: ‘ஊடகமும் சமூக மாற்றமும்’ ஆய்வுக்கு விக்கிப்பீடியாவை நம்பலாமா?

கேள்வி இது: வேலூரில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி, ‘ஊடகமும் சமூக மாற்றமும்’ என்ற தலைப்பில், தோல் பதனிடும் ஆலைகளால் (டேனரி) ஏற்பட்ட பாலாற்று மாசு பற்றி புராஜெக்ட் செய்கிறார். விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்கிறார் நெறியாளர். ஆனால் தமிழில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. ‘ஊடகங்கள் விழிப்புணர்வை ஏற்படுத்தின’ என்று எழுதத் தோன்றுகிறது, அதை எப்படி நிறுவுவது என்று தெரியவில்லை.

விக்கிப்பீடியாவைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் அதை அடிக்குறிப்பில் ஆதாரமாகப் போடாதீர்கள். நெறியாளர் சொல்வதன் சாரமும் அதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது விஷயம்தான் பெரியது. ‘விழிப்புணர்வை ஏற்படுத்தின’ என்ற வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு யாராலும் எதையும் நிறுவ முடியாது. எது முதலில் நடந்தது என்று தேதி போட்டு அடுக்க முடிந்தால்தான் ஊடகத்தின் பங்கைப் பற்றிப் பேச முடியும். செய்தி வந்த பிறகு மனு போடப்பட்டதா, மனு போட்ட பிறகு செய்தி வந்ததா? உங்கள் ஆய்வு முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்க வேண்டும்.

முதலில் விக்கிப்பீடியா. ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியிலும் தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரிலும் தொடங்கின. தமிழில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. அவை எல்லாம் ஒரே தரம் இல்லை. பத்துப் பேர் சண்டை போட்டுத் திருத்திய கட்டுரையும் உண்டு, ஒருவர் ஒரே மாலையில் எழுதிவிட்டுப் போன கட்டுரையும் உண்டு. எது எந்த வகை என்று அறிய கட்டுரைக்கு மேலே இருக்கும் ‘வரலாறு’ பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் தொகுத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது, ஒரு பத்தி மட்டும் திரும்பத் திரும்ப நீக்கப்பட்டுச் சேர்க்கப்படுகிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். அப்படி இழுபறி நடக்கும் பத்திதான் சமூகவியல் மாணவருக்குப் பொன்னான இடம். சமூகத்தில் எது இன்னும் முடிவாகவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கும். பக்கத்திலேயே இருக்கும் ‘உரையாடல்’ பக்கத்தையும் படியுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வாக்கியம் எப்போது நுழைந்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பதிப்பையும் திறக்க வேண்டியதில்லை. 500 தொகுப்புகள் (திருத்தங்கள்) இருந்தால் நடுவில் உள்ள 250-ஆவது பதிப்பைத் திறந்து பாருங்கள். வாக்கியம் இருந்தால் அதற்கு முந்தைய பாதியிலும், இல்லாவிட்டால் பிந்தைய பாதியிலும் தேடுங்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஒன்பது முறை திறப்பதற்குள் ஆள் அகப்பட்டுவிடுவார். இது எதற்கு? நிருபர் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதுவார். பிறகு யாரோ ஒருவர் அந்தச் செய்தியையே விக்கிப்பீடியாவில் ஆதாரமாகப் போடுவார். இரண்டு ஆதாரங்கள் இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் ஒன்றுகூட இருக்காது. வாக்கியம் கட்டுரையில் நுழைந்த தேதி செய்தி வெளியான தேதிக்கு முந்தியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளைத்தான் நீங்கள் பின்தொடர வேண்டும். இணைப்பு செத்துப்போயிருந்தால் முகவரியை நகலெடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய தமிழ்ச் செய்தித் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்தப் பக்கங்கள் இன்று திறந்தால் கிறுக்கல் எழுத்தாகத் தெரியும், கூகுளில் தமிழில் தேடினாலும் சிக்காது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டிப் பார்த்தால் பெரும்பாலும் படிக்கக் கிடைக்கும். ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிய பழைய நூல்களிலும் கவனம் வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை, றா, னா வடிவங்களைக் கணினி தவறாகப் படிக்கும். தேடல் பெட்டியில் ஒன்றும் வராததால் நூலில் அது இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

இப்போது எண்கள். வேலூர் மாவட்டத்து மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் ராணிப்பேட்டை இருந்தது. பாதிக்கப்படக்கூடியவர்கள் 35 லட்சம் பேர் என்று போட்டிருந்தார்கள். இந்த எண்ணை எடுத்து ‘ராணிப்பேட்டையில் 35 லட்சம் பேர் பாதிப்பு’ என்று எழுதினால் கதை கெட்டது. 2011 கணக்கெடுப்பில்கூட ராணிப்பேட்டை நகரத்தின் மக்கள்தொகை 50 ஆயிரம் சொச்சம்தான். 2001 கணக்கெடுப்பில் அன்றைய வேலூர் மாவட்டம் முழுவதன் மக்கள்தொகை 34,77,317. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையையே ‘பாதிக்கப்படக்கூடியவர்கள்’ என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. ஊகம் என்றே குறிப்பிட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியல் உலகின் பார்வையை ராணிப்பேட்டைப் பக்கம் திருப்பியது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண் யாரையும் ஒவ்வொருவராக எண்ணி வந்தது இல்லை.

இன்னோர் எண்: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பது. இது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில் வருகிறது. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருப்பதால் அவை வேலூர்க் கிணறுகள் என்று எடுத்துக்கொள்வது எளிது. தீர்ப்பைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்தால், அந்தக் கணக்கெடுப்பு திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் நடந்தது என்று தெளிவாக இருக்கிறது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கும் அதே தீர்ப்பில் உண்டு. ஆக, தீர்ப்பின் நகலை நீங்களே படிக்க வேண்டும். இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’, ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ ஆகிய இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. நாட்டின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாக இருப்பது நம் ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு. அதைச் சுருக்கக் குறிப்பாகப் படித்துவிட்டுப் போவது நியாயமே இல்லை.

எல்லைகளையும் பாருங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பரில் வட ஆற்காடு அம்பேத்கர் என்றும் திருவண்ணாமலை சம்புவராயர் என்றும் பிரிந்தது. முன்னது பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. அதிலிருந்து 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதனால் 2011 கணக்கெடுப்பின் ‘வேலூர் மாவட்டம், 39,36,331 பேர்’ என்பது இன்றைய வேலூர் மாவட்டம் இல்லை, மூன்றும் சேர்ந்தது. நகரத்துக்கும் இதே கதைதான். வேலூர் மாநகராட்சிக்கு 2011-இல் 1,85,803 பேர் என்று ஓரிடத்திலும் ஐந்து லட்சம் என்று இன்னோரிடத்திலும் இருக்கும். சத்துவாச்சாரி முதலிய பகுதிகளைச் சேர்ப்பதற்கு முந்தைய எல்லைக்கு ஒன்று, பிந்தைய எல்லைக்கு மற்றொன்று. இரண்டும் சரி. எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இரண்டும் தவறு. 1911-க்கு முந்தைய ஆவணம் தேடுபவர்கள் வட ஆற்காட்டின் தலைமையிடம் அப்போது சித்தூர் என்பதை மனத்தில் வையுங்கள். ‘வேலூர் கலெக்டர்’ என்று தேடினால் கிடைக்காது.

ஊர்ப் பெயர்களைப் பல எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். குடியாத்தம், குடியேற்றம், ராணிப்பேட்டை, இராணிப்பேட்டை, வாலாஜா, வாலாஜாபேட்டை, வாலாசா, வட ஆற்காடு, வடாற்காடு, வட ஆர்க்காடு. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால் ‘ஆம்பூர்’ அல்லது ‘வாணியம்பாடி’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். தொழிலுக்கும் ‘தோல் பதனிடும் ஆலை’, ‘தோல் தொழிற்சாலை’, ‘டேனரி’ என மூன்றையும் போடுங்கள்.

கையேடு, கலைக்களஞ்சியம் போன்றவற்றை வெறும் தகவல் பெட்டியாகப் பார்க்காதீர்கள், அவையே சமூக மாற்றத்தின் சான்றுகள். காக்ஸ் எழுதி 1881-இல் வந்து, ஸ்டூவர்ட் திருத்தி 1895-இல் மறுபடி வெளிவந்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் மக்களைப் பற்றிய பகுதி சாதி சாதியாகப் போகிறது. எழுதியவர்கள் ஆட்சியாளர்கள், அவர்கள் கண்ணில் மக்கள் எப்படிப்பட்டார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் சுதந்திர நாட்டில் தமிழரே தமிழருக்காக எழுதியது. இன்றைய விக்கிப்பீடியாக் கட்டுரை யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுவதைப் பாருங்கள். இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கையே 350 என்றும் 800 என்றும் மாறுகிறது. கலகமா, கலவரமா, புரட்சியா, முதல் விடுதலைப் போரா என்று தலைப்பும் மாறுகிறது. எந்தக் காலத்து நூல் எந்தப் பெயரைச் சொல்கிறது என்று ஒரு பக்கத்துக்கு அட்டவணை போட்டால், உங்கள் ஆய்வுக்கு அருமையான முன்னுரை அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து பத்திரிகைகள். பத்து ஆண்டுப் பத்திரிகையை முழுதாகப் புரட்ட ஒரு முதுகலை மாணவருக்கு நேரம் இருக்காது, மாதிரி எடுத்துத்தான் ஆக வேண்டும். ‘செப்டம்பர் முதல் வாரம்’ என்று தொடர்ச்சியாக எடுப்பது கூடாது. அந்த வாரத்தில் தேர்தலோ வெள்ளமோ வந்திருந்தால் எல்லாம் சாய்ந்துவிடும். ஓர் ஆண்டின் 52 திங்கட்கிழமைகளிலிருந்து குலுக்கலில் இரண்டு, செவ்வாய்களிலிருந்து இரண்டு என ஏழு கிழமைகளுக்கும் எடுங்கள். ஆண்டுக்கு 14 இதழ்கள் வரும். கிழமைகளைச் சமமாக எடுப்பது நம் மாவட்டங்களில் மிக முக்கியம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடப்பதால், மனுச் செய்திகள் செவ்வாய் இதழில் குவியும். செவ்வாய் அதிகம் விழுந்தால் பத்திரிகைகள் மக்கள் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும், செவ்வாய் விடுபட்டால் மனுவே வராததுபோலத் தோன்றும்.

உங்கள் தலைப்புக்கு மூன்று ஆண்டுகள் போதும். உச்ச நீதிமன்ற மனுவின் எண்ணிலேயே 1991 என்று இருக்கிறது, தீர்ப்பு 1996. ஆகவே மனுவுக்கு முன் 1990, வழக்கு நடக்கும்போது 1994, தீர்ப்புக்குப் பின் 1997. ஆண்டுக்கு 14 என்றால் ஒரு பத்திரிகைக்கு 42 இதழ்கள், இரண்டு பத்திரிகைகளுக்கு 84. இது தவிர 1996 ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 11 வரை எல்லா இதழ்களையும் தனியாகப் பாருங்கள். அந்த இரு வாரக் கணக்கை மற்ற சராசரியோடு கலக்காதீர்கள். கலந்தால் தீர்ப்பு எழுப்பிய அலை ஆண்டு முழுவதும் வீசியதுபோல ஆகிவிடும்.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி: தேதி, பதிப்பு, பக்க எண், தலைப்பு, எந்த ஊர், செய்தியா தலையங்கமா வாசகர் கடிதமா விளம்பரமா, எத்தனை பத்தி அகலம், எத்தனை செ.மீ. உயரம். கடைசிக் கட்டம்தான் உயிர்: செய்தியில் பேசுவது யார்? ஆட்சியர், அமைச்சர், ஆலை உரிமையாளர், விவசாயி, ஆலைத் தொழிலாளி, தண்ணீர் சுமக்கும் பெண். யாருடைய பேச்சு மேற்கோளாக வருகிறதோ அதை மட்டும் குறியுங்கள். ‘விவசாயிகள் வேதனை’ என்று தலைப்பு போட்டுவிட்டு உள்ளே அதிகாரி மட்டும் பேசினால், அங்கே விவசாயி பேசவில்லை. ஒன்றும் வராத இதழுக்கும் பூஜ்யம் என்று வரி போட வேண்டும், விட்டுவிட்டால் சராசரி பொய்யாகும். இரண்டு பத்திரிகைகளின் பத்தி அகலம் ஒன்றாக இருக்காது. அதனால் செ.மீ. கணக்கை ஒரே பத்திரிகைக்குள் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். முடிந்ததும் பத்தில் ஒரு பங்குச் செய்திகளைத் தோழி ஒருவரிடம் கொடுத்து, உங்கள் குறிகளைக் காட்டாமல் மறுபடி குறியிடச் சொல்லுங்கள். நூற்றுக்கு எண்பதுக்கும் கீழே ஒத்துப்போனால் உங்கள் வகைப்பாட்டில் குழப்பம் இருக்கிறது என்று பொருள்.

பழைய இதழ்களுக்கு சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம்தான் வழி. சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களும் பத்திரிகைகளும் வந்து சேரும் நூலகங்களில் அது ஒன்று. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் போய்விட்டு மாலை திரும்பலாம். கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிப் போங்கள், படம் எடுக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். தொகுதியைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது அது எந்தப் பதிப்பு என்பதை. சென்னைப் பதிப்பில் ஆம்பூர்ச் செய்தி நாலு வரி வந்திருக்கும், வேலூர்ப் பதிப்பில் அதுவே அரைப் பக்கம் வந்திருக்கலாம். இன்றைய இ-பேப்பருக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போது ‘மாற்றம்’ என்பதை எதை வைத்து அளப்பீர்கள்? ஐம்பது பேருக்கு வினாத்தாள் கொடுத்து ‘ஊடகத்தால் உங்களுக்கு விழிப்புணர்வு வந்ததா’ என்று கேட்டால் நாற்பத்தைந்து பேர் ஆம் என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. தேதி உள்ள செயல்களை எடுங்கள்: மனு, தீர்ப்பு, ஆலை மூடல் உத்தரவு, ஆலைகளின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது, இழப்பீட்டு உத்தரவு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இவற்றை ஒரு கோட்டில் வைத்து, அதன் மேல் உங்கள் செய்தி எண்ணிக்கையை வரையுங்கள். செய்தி ஏறிய பிறகு செயல் நடந்திருந்தால் ஊடகத்தின் பங்கைப் பற்றி வாதிடலாம். செயலுக்குப் பிறகுதான் செய்தி ஏறுகிறது என்றால், மாற்றத்தைத் தொடங்கியவர்கள் நீதிமன்றப் படியேறிய ஊர்க்காரர்கள், பத்திரிகை அதைப் பரப்பியது என்று எழுதுங்கள். அப்படி வந்தாலும் ஆய்வு தோற்கவில்லை, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

கிணற்று நீரை நீங்களே சோதிக்க ஆசைப்பட்டால் கையடக்க டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பின் அளவைத் தோராயமாகக் காட்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. ஆலைக் கழிவுநீருக்கு 2,100. ஆனால் தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை அந்த மீட்டர் காட்டாது. எண் குறைவாக இருப்பதால் நீர் நல்லது என்று எழுதிவிடாதீர்கள், குரோமியத்துக்கு ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.

பத்திரிகை மட்டும் ஊடகம் இல்லை. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று எண்ணி ஊரார் அடித்துக் கொன்றார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் வாட்ஸ்ஆப்பில் சுற்றிய பொய்க் காணொளிகளும் குரல் பதிவுகளும்தான் அந்த அச்சத்தை ஊட்டின. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஊடகம் சமூகத்தை எவ்வளவு வேகமாக மாற்றும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று நம் பக்கத்தில் இல்லை. ஆனால் எந்த நூலகத்திலும் அந்தச் செய்திகள் இல்லை, மக்களின் போனில் மட்டுமே இருந்தன. வாட்ஸ்ஆப் செய்திகளைச் சேகரிக்கும்போது வைத்திருப்பவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எண்களையும் பெயர்களையும் அழித்துவிட்டு, வந்த தேதியையும் ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறி இருந்ததா என்பதையும் மட்டும் பதியுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ஆதாரம் கேட்காதீர்கள். இல்லாத நூலுக்கும் பக்க எண் சொல்லும், தமிழ் நூல்கள் விஷயத்தில் இன்னும் மோசம்.

வேலையைத் தொடங்கும் வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனுவைக் கடைசியில் போடுவது வழக்கம், நீங்கள் அதை முதல் வாரமே அனுப்புங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும். பதில் தர 30 நாள் அவகாசம், வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள், நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ‘பாலாறு மாசு பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் தட்டிக்கழிக்க வசதியாகிவிடும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், மாதாந்திர நீர் ஆய்வு அறிக்கையின் நகல் என்று குறித்துக் கேளுங்கள். பதில் வந்து சேர்வதற்குள் உங்கள் 84 இதழ்களும் முடிந்திருக்கும்.